ஒரு மணி ஷிப்டும் சவுத்தெண்ட் கடலும்

இங்கிலாந்தின் உழைக்கும் சனம் கடற்கரைக்குப் போகப் பழகிய வரலாற்றை நான் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில், ஒரு கடைக்கு மேலே இருந்த அறையில் படித்தேன். எண்பதுகள் முடிகிற நேரம். நான் புத்தகத்தோடு கட்டிலில் இருக்க, எனக்கு நேர் கீழே அண்ணை கல்லாவில் நின்றார். கடைக்கதவைத் திறக்கும்போது அடிக்கிற மணி மேலேயும் கேட்கும். ஒரு பந்தியை வாசித்து முடிப்பதற்குள் அது பல தடவை அடித்துவிடும்.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அம்மாவுக்கும் அப்படித்தான். அண்ணை சின்ன வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவோடு தோட்டத்துக்குள் இறங்கியவர். நான் மட்டும் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். வரைக்கும் போய், பிறகு ஊரில் பிரச்சினை முற்ற, அண்ணைக்குப் பின்னால் லண்டனுக்கு வந்து சேர்ந்தேன். வந்த கிழமையே எங்காவது வேலைக்குப் போகிறேன் என்றேன். அண்ணை சம்மதிக்கவில்லை.

"ரெண்டு பேரும் கல்லாவிலை நிண்டால் ஆர் எங்களுக்குக் கடிதம் வாசிக்கிறது?" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த நாள் கல்லூரியில் என்னைப் பதிய அவரே சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு வந்து நின்றார்.

அது பல்கலைக்கழகத்துக்குப் போக முன் படிக்கும் ஒரு மாலை வகுப்பு. வரலாறு படிப்பித்தவர் ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு வெள்ளைக்கார ஆசிரியை. நல்ல மனுசி. என்னுடைய ஆங்கிலத்தைப் பொறுமையாகத் திருத்துவார். கோடை விடுமுறை விடும்போது எல்லோருக்கும் ஒரு கட்டுரை தந்தார். விடுமுறைப் பயணம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் எப்படிப் பொதுசனத்துக்கும் உரியதாயிற்று என்பது கேள்வி. செப்டெம்பரில் கொடுக்க வேண்டும்.

நூலகத்திலிருந்து புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தேன். எனக்கு எல்லாமே புதினமாக இருந்தது. முதலில் கடல் என்பது பணக்காரருக்கு ஒரு மருந்து. அதில் முழுகவும் அதைக் குடிக்கவும் வைத்தியர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சில்லுப் பூட்டிய மரக்கூட்டை ஒரு குதிரை தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும். உள்ளே இருப்பவர்கள் உடுப்பு மாற்றி ஒருவர் கண்ணிலும் படாமல் இறங்கிக் குளிப்பார்கள். பிறகு ரயில் வந்தது. மதுவிலக்குச் சங்கங்களும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடங்களும் ஒரு முழு ரயிலையே வாடகைக்குப் பேசி, தொழிலாளரை ஒரு நாளைக்குச் சாராயக் கடையிலிருந்து தூர ஏற்றிக்கொண்டு போயின. ஒழுங்கு செய்தவர்களில் சிலர் இதில் லாபமும் இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். புண்ணியத்துக்குத் தொடங்கிய காரியம் வியாபாரமாயிற்று. போக வர டிக்கெட், தங்க அறை, சாப்பாடு, கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஒரு ஆள், எல்லாம் ஒரே விலைக்கு. அதன் பிறகு வங்கிகளைப் பூட்டி விடுமுறை விடச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் திங்கட்கிழமைகளில் லண்டன் ரயில் நிலையங்கள் நெரிந்தன. முந்தி அந்தக் கரைகளில் காற்று வாங்கிய பெரிய மனிதர்கள் முகத்தைச் சுழித்துக்கொண்டு வேறு கரை தேடிப் போனார்கள்.

அந்தப் பயணக்காரர் போகப்போக எகிப்துக்குப் போனார்கள், பலஸ்தீனத்துக்குப் போனார்கள், கடைசியில் கொழும்புக்கும் வந்தார்கள். ஒரு புத்தகத்தில் படம் போட்டிருந்தது. கப்பல் தளத்தில் தொப்பியும் குடையுமாக வெள்ளைக்காரர். கீழே துறைமுகத் தண்ணீரில், அவர்கள் எறிகிற சில்லறையை முழுகி எடுப்பதற்காக நீந்தி நிற்கும் கறுத்தப் பெடியன்கள். அதே காலத்தில்தான் தேயிலைக்கென்று தமிழ்ச் சனத்தையும் கடல் கடத்திக் கொண்டுவந்து மலையில் ஏற்றினார்கள். அவர்களும் பயணம் செய்தவர்கள்தானே, இந்தப் புத்தகத்தில் ஏன் இல்லை என்று ஆசிரியையிடம் கேட்டேன். அது குடிபெயர்வு, வேறு பாடம் என்றார். நூலகத்தில் போய்ப் பார்த்தேன். உண்மைதான். அதை வேறு மாடியில் வைத்திருந்தார்கள்.

கடை முதலாளி எங்கள் ஊர்க்காரர். அவருடைய தகப்பனாரின் புகையிலைத் தோட்டத்தில்தான் எங்கள் அப்பா காலம் முழுவதும் கூலிக்கு நின்றார். முதலாளி எழுபதுகளில் மாணவராக வந்து, படிப்பை விட்டுக் கடையை வாங்கியவர். அண்ணை லண்டனில் வந்து இறங்கினதும் வேலையும் மேலறையும் கொடுத்தவர் அவர்தான். அதை நான் மறுக்க மாட்டேன். மற்றப் பெடியன்கள் எல்லாரும் அவரை அண்ணை என்று கூப்பிடுவார்கள். என் அண்ணை மட்டும் முதலாளி என்பார். ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று அவரும் சொன்னதில்லை.

அந்தக் கடை பூட்டுகிற நாள் கிடையாது. வெள்ளைக்காரரின் கடைகள் பூட்டியிருக்கும் நாளில்தான் எங்களுக்கு வியாபாரம் கூட. சட்டம் போட்டு விட்ட விடுமுறைகளில் அண்ணை காலையிலிருந்து கடை பூட்டும்வரை நிற்பார். மற்ற நாட்களிலும் அப்படித்தான். ஷிப்ட் என்று பெயருக்குச் சொல்வது.

அந்த வருசம் மாசி மாதம் அப்பா ஊரில் கண்ணை மூடினார். இந்திய இராணுவம் நின்ற காலம். செய்தி கொழும்புக்கு வந்து, அங்கிருந்து கடைத் தொலைபேசிக்கு வந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்துவிட்டிருந்தது. மூத்த மகன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் ஊரில் சித்தப்பாவின் மகன் செய்திருந்தான். அண்ணை தொலைபேசியை வைத்துவிட்டு, வரிசையில் நின்ற ஆளுக்குப் பால்போத்தலைப் பையில் போட்டுக் கொடுத்தார். பிறகுதான் மேலே வந்து எனக்குச் சொன்னார்.

ஆனி பிறந்ததும் அண்ணை ஒரே கதையாக இருந்தார். ஆடி அமாவாசைக்குக் கடலுக்குப் போக வேண்டும். தகப்பன் இல்லாத ஆண்பிள்ளைகள் அன்றைக்கு விரதம் இருந்து, கடலில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டம் கரைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா தன் தகப்பனுக்காக வருசம் தவறாமல் விடிய முன் நடந்து போய் முழுகிவிட்டு வந்தவர். தோட்டத்தில் அவர் வாய் திறந்து கேட்டு எடுத்த லீவு வருசத்தில் அந்த ஒரு நாள்தான். தைப்பொங்கலுக்குக்கூடப் பின்னேரம் தண்ணீர் இறைக்கப் போனவர். அவருக்குச் செய்ய வேண்டிய முதல் அமாவாசையைக் கோயில் வாளித் தண்ணீரில் முடித்துவிட அண்ணைக்கு மனம் வரவில்லை.

அவர் லீவு கேட்டபோது நான் பாண் எடுக்கக் கீழே இறங்கியிருந்தேன்.

"முதலாளி, அமாவாசைக்கு எனக்கு ஒரு நாள் வேணும்."

"ஆடி அமாவாசையோ? கோயிலிலை ஐயர் வாளி வைச்சுச் செய்விக்கிறாரெல்லே. அரை மணித்தியாலத்து வேலை."

"கடலிலை செய்ய வேணும். அண்டைக்கு மட்டும் உங்கடை ஐயா ஒரு நாளும் எங்கடை அப்பாவை வேலைக்குக் கூப்பிடேல்லை."

முதலாளி சிகரெட் பெட்டிகளை அடுக்கியபடியே சிரித்தார். "அது தோட்டம். புகையிலைக் கண்டு ஒரு நாள் பாத்துக்கொண்டு நிக்கும். சனம் நிக்குமோ? அடுத்த கடைக்குப் போகும்." பிறகு யோசித்தார். "சரி, காலமை கடலுக்குப் போட்டு ஒரு மணிக்கு வந்து நில். செத்த கொப்பருக்காகத்தான் விடுறன். வேறை ஆள் கேட்டால் விடமாட்டன்."

அண்ணைக்கு அது போதும். ஊரில் எல்லாரும் ஒன்பது மணிக்கு முன்னமே முழுகிவிட்டு வருகிறவர்கள்தானே.

எந்தக் கடல் என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். என் புத்தகங்களில் சவுத்தெண்ட் திரும்பத் திரும்ப வந்தது. கிழக்கு லண்டன் ஏழைச் சனம் ஒரு நாளைக்குப் போய் வந்த கரை, கிட்டவும் இருந்தது, மலிவாகவும் இருந்தது. இல்ஃபோர்ட்டில் இருந்த ஒரு தெரிந்தவரையும் அண்ணை விசாரித்தார். அவர் ஒரு பின்னேரம் போயிருக்கிறாராம். நல்ல கடல், பயப்படாமல் இறங்கலாம் என்றார். வேறொன்றையும் நாங்கள் கேட்கவில்லை. எங்கள் ஊர்க் கடலிலும் வற்று இருக்கிறது, பெருக்கு இருக்கிறது. ஆனால் முழங்காலுக்கு நின்ற தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கும், அவ்வளவுதான். கடலுக்குப் போகிறவன் கடல் இருக்குமோ என்று விசாரித்துவிட்டா போவான்?

அமாவாசையன்று முதல் ரயில் பிடித்தோம். லண்டன் பிரிட்ஜில் இறங்கி, ஆற்றைக் கடந்து மற்ற நிலையத்துக்கு நடந்தோம். அண்ணை வேட்டிக்கு மேல் ஒரு நீளக் கோட்டுப் போட்டிருந்தார். பையில் எள்ளு, கோயிலில் வாங்கிய தர்ப்பை, அரிசிமாவில் உருட்டிய பிண்டம், ஒரு செம்பு. அமாவாசைக்கென்று பாவற்காய்க் கறியும் சோறும் அறையில் சமைத்து மூடி வைத்திருந்தோம். எல்லாம் முடிந்து வந்துதான் சாப்பிட வேண்டும்.

சவுத்தெண்டில் கடைத்தெரு முடிகிற இடத்தில் நிலம் சட்டென்று கீழே இறங்கும். அங்கே நின்றால் கடல் முழுவதும் தெரிய வேண்டும். நாங்கள் கண்டது சேறு. கண்ணுக்கு எட்டிய மட்டும் சாம்பல் நிறச் சேறு. படகுகள் பக்கவாட்டில் சரிந்து கிடந்தன. கரையிலிருந்து புறப்பட்ட ஒரு நீள இறங்குதுறை அந்தச் சேற்றுக்கு மேலே ஒரு மைலுக்கும் கூட ஓடி, எங்கோ தூரத்தில் ஒரு வெள்ளிக் கோட்டில் முடிந்தது.

அண்ணை பையை நிலத்தில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்கையடா கடல்?"

நாயோடு உலாத்தி வந்த ஒரு கிழவரிடம் கேட்டேன். அவர் கேள்வி விளங்காமல் என்னைப் பார்த்துவிட்டு, பிறகு சிரித்துக்கொண்டு, கடல் வெளியே போயிருக்கிறது, மத்தியானம் திரும்பி வந்துவிடும் என்றார். வீட்டுக்காரர் கடைக்குப் போயிருக்கிறார் என்பது போல. நான் அண்ணைக்குச் சொன்னேன்.

"வருமாம் எண்டால்? ஆர் கூட்டிக்கொண்டு வாறது?"

கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் சேற்றுக்குள் இறங்கினார். அந்த வெள்ளிக் கோடு வரைக்கும் நடந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். கொஞ்சத் தூரத்தில் கெண்டைக்கால் வரை புதைந்தது. அடுத்த அடிக்கு முழங்கால். கிழவர் என் தோளைப் பிடித்து உலுக்கி, உன் ஆளைத் திரும்பி வரச்சொல், அங்கே சனம் புதைந்து செத்திருக்கிறது என்றார். நான் கத்திக் கூப்பிட்டேன். அண்ணை இரண்டு கையாலும் ஒரு காலை இழுத்தெடுத்து, பிறகு மற்றக் காலை இழுத்தெடுத்துத் திரும்பி வந்தார். தொடை வரைக்கும் கறுப்பு.

இறங்குதுறையின் வாசல் இன்னும் திறக்கவில்லை. திறந்தாலும் அதன் நுனியில் கம்பி வேலிதான் இருக்கும், இறங்கி முழுக இடமில்லை என்று கிழவர் சொல்லிவிட்டுப் போனார். கடல் விலகுகிற நேரத்திலும் கப்பலில் வரும் உல்லாசப் பயணிகளைக் கால் நனையாமல் கரை சேர்க்கத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை அவ்வளவு தூரம் கட்டினார்கள். அந்த இடத்திலேயே எனக்கு அது விளங்கியது. அண்ணைக்கும் சொன்னேன்.

"அப்ப கடல் போறது அவங்களுக்கு முந்தியே தெரியும்."

"ஓம்."

"உன்ரை புத்தகத்திலை அதைப் போடேல்லையோ?"

"போடேல்லை, அண்ணை."

"வேறை என்னத்தைத்தான் போட்டிருக்கிறாங்கள்?" என்று கேட்டுவிட்டு, மதிற்கட்டில் இருந்து காலில் சேற்றைச் சுரண்டத் தொடங்கினார்.

ஒரு மணிக்குக் கல்லாவில் நிற்க வேண்டுமானால் பத்தரைக்கெல்லாம் ரயில் ஏற வேண்டும். பத்து மணிக்கும் தண்ணீர் தூரத்தில்தான் கிடந்தது. வெள்ளிக் கோடு மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. அண்ணை போகட்டும், நான் இருந்து செய்துவிட்டு வருகிறேன் என்றேன். அவர் தலையாட்டவில்லை. கடைக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொல்லட்டுமா என்றேன்.

"எடுக்காதை. கேட்டால் ஏலாது எண்டுவார். பேந்து கடைக்குப் போகத்தான் வேணும். கேளாமல் விட்டால் அவர் என்னெண்டு ஏலாது எண்டு சொல்லுறது?"

"வேலை போயிடும், அண்ணை."

"அப்பா ஒரு நாளும் பாதியிலை எழும்பி வரேல்லை," என்றார். அதன் பிறகு மணி பார்க்கவில்லை.

பதினொரு மணிபோலச் சனம் வரத் தொடங்கியது. அவர்களுக்குக் கடல் வரும் நேரம் தெரிந்திருந்தது. மடக்குக் கதிரை, காற்றுக்குக் கட்டுகிற துணி, ரேடியோ, ரப்பர் வளையம், பிள்ளைகள். வந்தவர்கள் இடம் பிடித்துப் படுத்தார்கள். அண்ணை ஒவ்வொரு குடும்பமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்ய வந்தவை உவை?"

"ஒண்டும் செய்யாமல் இருக்க."

"அதுக்கு இவ்வளவு தூரமோ?" என்றார். நான் ஒரு கோடைகாலம் முழுக்கப் படித்ததை அவர் மூன்று சொல்லில் கேட்டுவிட்டார்.

கடல் அலையோடு வரவில்லை. சேற்றிலிருந்த வாய்க்கால்களுக்குள் முதலில் சத்தமில்லாமல் ஊர்ந்தது. பிறகு வாய்க்கால்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. பன்னிரண்டு மணி தாண்டி இடுப்பளவு தண்ணீர் நின்றபோது அண்ணை இறங்கினார். இரண்டு பக்கமும் பிள்ளைகள் வளையத்தில் மிதந்து கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் அண்ணை தெற்கு எது என்று தேடிப் பார்த்து நின்று, தர்ப்பையை விரலில் மாட்டி, அப்பாவின் பெயரையும் அப்பாவின் தகப்பனின் பெயரையும் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். அதற்கு முந்தின தலைமுறையின் பெயர் எங்கள் இருவருக்குமே தெரியாது. எழுதி வைக்க எங்கள் வீட்டில் ஆளிருக்கவில்லை. அந்த இடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு தண்ணீரை மட்டும் விட்டார்.

பிண்டத்தைக் கரைத்தபோது பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளை, மீனுக்குச் சாப்பாடு போடுகிறாரா என்று தாயைக் கேட்டது. தாய் பிள்ளையின் கையைப் பிடித்துத் தூர நகர்த்தினாள். கரையில் நின்ற ஒருவர் கமராவைத் தூக்கினார். நான் கையைக் காட்டி வேண்டாம் என்றேன். நான் அவருக்குக் கையசைத்து வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்தபடி படத்தை எடுத்துக்கொண்டார். இந்த நாட்டில் ஏதோ ஒரு வீட்டு அல்பத்தில், அந்தக் கோடை விடுமுறைப் படங்களுக்கிடையே, எங்கள் அப்பாவின் அமாவாசையும் இருக்கிறது.

மூன்று தரம் முழுகி எழும்பி, நடுங்கிக்கொண்டு அண்ணை கரைக்கு வந்தார். கோட்டைப் போர்த்துக்கொண்டு மணலில் சரிந்தார். சரிந்த மாதிரியே நித்திரையாகிவிட்டார். லண்டனுக்கு வந்ததிலிருந்து அவர் பகலில் படுத்ததை நான் கண்டதில்லை. சுற்றவர எல்லாரும் அப்படித்தான் படுத்திருந்தார்கள். யாராவது தூரத்திலிருந்து பார்த்தால் அவரையும் அவர்களில் ஒருவர் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் எழுப்பவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கல்லாவில் புதிதாக ஒருவர் நின்றார். போன மாதம்தான் ஊரிலிருந்து வந்தவர். எங்களைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி பின்னறையிலிருந்து வந்தார்.

"கடலிலை சுகமாக் குளிச்சனியோ?"

அண்ணை நடந்ததைச் சொன்னார். காலையில் கடல் இருக்கவில்லை, மத்தியானம்தான் வந்தது என்றார்.

"கடல் எழும்பிப் போனது எண்டு எனக்குக் கதை சொல்லுறியோ? நானும் கடலுக்குப் பக்கத்திலை பிறந்தவன்தான்." கடைக்குள் நின்ற எங்கடை ஆட்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு ஊக்கம் கொடுத்தது. "லண்டனுக்கு வந்தவுடனை எல்லாருக்கும் வெள்ளைக்காரன்ரை குணம். ஹொலிடே வேணும். கொப்பர் இருந்திருந்தால் வெக்கப்பட்டிருப்பார்."

நான் வாய் திறந்தேன். அண்ணை என் கையைப் பிடித்து அமத்தினார். மேலே போய்ப் பாவற்காய்க் கறியும் சோறும் சாப்பிட்டோம். அது காலையில் சமைத்தது. ஆறிக் குளிர்ந்திருந்தது.

அண்ணைக்கு வேலை அன்றோடு போயிற்று. மாத முடிவோடு அறையையும் விடச் சொன்னார் முதலாளி. அதற்குள் ஆகஸ்ட் விடுமுறைத் திங்கட்கிழமை வந்தது. அன்றைக்கு ஒரு ஆள் போதாது. முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். போக மாட்டேன் என்று நின்றேன். "போ," என்றார் அண்ணை. "அறை இன்னும் ரெண்டு நாளைக்கு வேணும்." அன்று காலையிலிருந்து அண்ணையின் இடத்தில் நின்று, கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் ஐஸ்கட்டியும் சோடாவும் வெயிலுக்குப் பூசுகிற எண்ணெயும் விற்றேன். எல்லோரும் சந்தோசமாக இருந்தார்கள். ஒருவர், இன்றைக்கு நீ கடலுக்குப் போகவில்லையா என்று அன்பாகத்தான் கேட்டார்.

ஸ்ட்ரெதமில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போன பிறகு கட்டுரையை எழுதி முடித்தேன். ஒரு கூட்டம் விடுமுறை எடுக்கிற நாளில் இன்னொரு கூட்டம் வேலையில் நிற்கத்தான் வேண்டும், ரயில் ஓட்டினவன், தேநீர் ஊற்றினவள், அறை கூட்டினவள், இவர்களின் விடுமுறையை யார் எழுதினார்கள் என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தேன். ஆசிரியை அந்தப் பந்தியின் ஓரத்தில் சிவப்பு மையால், உணர்ச்சியோடு எழுதியிருக்கிறாய், ஆனால் கேள்விக்கு வெளியே போகிறாய் என்று எழுதித் தந்தார். அந்த வகுப்பில் சித்தியடைந்தேன். பிறகு பல்கலைக்கழகம் போனேன். பட்டமும் எடுத்தேன். அண்ணைக்கு நகரத்தின் நடுவில் ஒரு ஹோட்டலில் சலவை அறையில் வேலை கிடைத்தது. லண்டன் பார்க்க வருகிறவர்களின் படுக்கைவிரிப்புகளை நிலத்துக்குக் கீழே நின்று வெளுப்பது. அங்கே சன்னல் கிடையாது. ஆடி அமாவாசைகளில் அவர் கோயிலுக்குப் போய், ஐயரின் வாளிக்கு முன்னால் வரிசையில் நின்றார். கடலைப் பற்றி அவர் பிறகு கதைக்கவே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் முதலாளிக்கு மூன்று கடைகள். ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர். ஒரு ஆடி மாதம் அவரது கடைகளில் எல்லாம் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஆடி அமாவாசைத் தீர்த்தமும் கடற்கரை உல்லாசப் பயணமும். வீடியோ வசதியுள்ள சொகுசு பஸ். ஐயர் கூட வருவார். மத்தியானச் சாப்பாடு டிக்கெட்டுக்குள் அடக்கம். இரண்டு பஸ் நிரம்பி மூன்றாவதுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"நீயும் வா, தம்பி. நீ வரலாறுதானே படிச்சனி. பஸ்சிலை மைக் இருக்கு, கடற்கரையைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லு. பத்து மணிக்குத்தான் வெளிக்கிடுறம். காலமை போனால் அங்கை கடல் இராது, உனக்குத் தெரியுமோ? அமாவாசைக்குப் பன்னிரண்டுக்குப் பிறகுதான் வரும். நான் எல்லாம் விசாரிச்சு வைச்சிருக்கிறன்."

அவர் என்னைச் சீண்டவில்லை. உண்மையிலேயே மறந்துபோயிருந்தார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. அவர் மேலே சொல்லிக்கொண்டு போனார். கடைப் பெடியன்கள் மூன்று பேர் தங்களுக்கும் தகப்பன் இல்லை, தாங்களும் பஸ்ஸில் வர வேண்டும் என்று நிற்கிறார்களாம். தோர்ண்டன் ஹீத் கடைக்கு அன்றைக்கு ஒரு ஆள் வேண்டும். கொண்ணையைக் கேட்டுப் பார், அவனுக்கு அந்தக் கல்லா பழக்கம்தானே.

ஏலாது என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற அண்ணை தொலைபேசியை வாங்கி, "ஓம் முதலாளி, நிக்கிறன்," என்றார்.

அன்று வீட்டில் எங்களுக்குள் பெரிய சண்டை. படித்த படிப்பெல்லாம் சேர்ந்து என் வாயில் வந்தது. தகப்பன் எங்கள் அப்பாவை மிதித்தான், மகன் உன்னை மிதித்தான், அவனுக்கு இன்னும் முதலாளி என்கிறாயே என்று கத்தினேன். அண்ணை நான் முடிக்கும்வரை இருந்தார்.

"அவருக்காக இல்லை. நான் நிக்காட்டி அந்தப் பெடியங்களிலை ஒருத்தன் நிக்க வேணும். ஆர் எண்டு நீ சொல்லு." எழும்பிப் போய்க் கதவடியில் நின்று திரும்பினார். "நீ போய் அப்பாவுக்குச் செய். வாளித் தண்ணி எனக்கு அலுத்துப்போச்சு."

அவருக்காகத்தான் போனேன். பஸ் கடை வாசலிலிருந்துதான் புறப்பட்டது. கண்ணாடிக்குள்ளால் அண்ணை கல்லாவில் நிற்பது தெரிந்தது. சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆற்றைத் தாண்டியதும் முதலாளி மைக்கை என் கையில் தந்தார். நான் எழுந்து நின்றேன். ரயிலைப் பற்றியும் மதுவிலக்குச் சங்கங்களைப் பற்றியும் சொல்லலாம் என்றுதான் யோசித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டேன். அமாவாசையன்று அந்தக் கடல் எத்தனை மணிக்கு வரும் என்பதை எங்கள் சனத்தில் முதன்முதல் இருந்து பார்த்துக் கண்டுபிடித்தவர், அதற்காக வேலையைப் பறிகொடுத்தவர், இன்றைக்கு நாங்கள் எல்லாரும் கடலுக்குப் போவதற்காகக் கடையில் நிற்கிறார் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

முதலாளிதான் முதலில் கை தட்டினார். முழு மனதோடுதான் தட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். பின்னாலிருந்து ஒரு அக்கா, இனியாவது வீடியோவில் படத்தைப் போடச் சொல்லி பஸ் ஓட்டுகிற தம்பியிடம் சொல்லுங்கோ என்றார். படம் தொடங்கியது.